பூதத்துக்கு ஒரு நடை

படப்பிடிப்புத் தளத்தில் அவரை எல்லோரும் பூதம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பார்க்க ஒல்லி, பரம சாது. எறும்பு வரிசையைக் கண்டால் தாண்டிப் போகிற ரகம். ஆனால் ரப்பர் தோலுக்குள் நுழைந்து, முதுகுப்பக்க ஜிப்பை யாராவது மேலே இழுத்துவிட்டால் போதும், எதிரே நிற்கிற விளக்குக்காரர்களே இரண்டடி பின்வாங்குவார்கள். மீசை முளைத்த நாளில் தொடங்கி, தலை நரைத்து, மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் அவருக்கு அதுதான் பிழைப்பு.

முதன்முதலில் அவர் போட்டது சாக்கடைப் பூதம். அப்போது திரும்பிய பக்கமெல்லாம் ஆலை. கொடியில் துணி காயப்போட்டால் கரி படியும். ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் சிவப்பாக ஓடும், மறுநாள் நீலமாக ஓடும். ஆலைக் கழிவுக்குள்ளிருந்து எழுந்து வந்த அந்தப் பூதத்தைப் பார்த்து அரங்கமே அலறியது. பின்னால் ஆராய்ச்சிக்கூடத்து ஜாடியிலிருந்து தப்பித்த பூதம். ஊசி மருந்து என்றாலே ஜனங்கள் முகம் சுளித்த காலம் அது. அப்புறம் நோய் வந்து, வீட்டுக்கு வீடு கதவடைத்துக் கிடந்து மீண்டார்களே, அப்போது மூச்சு விடுகிற பூதம். அது யாரையும் கடிக்காது, கிழிக்காது. பக்கத்தில் வந்து நின்று மூச்சு விடும், அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"பூதத்தை நாம யாரும் புதுசா உண்டாக்கறதில்ல," என்பார் அவர், டீ குடிக்கிற நேரங்களில். "அது ஊருக்குள்ள ஏற்கெனவே திரிஞ்சிட்டுத்தான் இருக்கு. நாம கையும் காலும் வெச்சுத் தைச்சுக் கொடுக்கறோம்."

இந்த முறை தையல் முடிந்துவிட்டது, பூதம்தான் வரவில்லை. இயக்குநர் சின்ன வயதுப் பெண், இரண்டாவது படம். சாம்பல் நிறத் தோல், கண் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுவென்று வெறும் சதை, இப்படி ஒரு தலையைச் செய்யச் சொல்லியிருந்தாள். செய்தவர்கள் தங்கள் கையாலேயே அதைத் தொடத் தயங்கினார்கள். அத்தனை நன்றாக வந்திருந்தது. ஆனால் அவர் அதை மாட்டிக்கொண்டு நடந்து காட்டியபோது, பட்டறையில் இருந்த எல்லோரும் ரசித்துக் கைதட்டினார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு அண்ணா," என்றாள் இயக்குநர், நகத்தைக் கடித்தபடி. "ஆனா ஏற்கெனவே பார்த்த பூதம் மாதிரி இருக்கு. இப்ப ஜனங்க எதுக்குப் பயப்படறாங்கன்னே எனக்குப் பிடிபடல. எல்லாத்துக்கும் பயப்படறாங்க. ஆனா எதுக்கும் அலற மாட்டேங்கறாங்க."

"நடை கிடைக்கல பாப்பா. நடை கிடைச்சா மத்ததெல்லாம் தானா வரும். தலையை வீட்டுக்குக் கொண்டுபோகவா? நாலு நாள் நடந்து பார்க்கறேன்."

பூதம் அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கண்ணில் படுகிறவர்களின் நடையைத் திருடிவிடுவார். கடன்காரன் நடை, கர்ப்பிணி நடை, புதுச் செருப்பு கடிக்கிறவன் நடை, எல்லாம் அவர் காலுக்குள் இருக்கும். எப்போது எது வெளியே வரும் என்று அவருக்கே தெரியாது.

வீட்டில் நடந்து பார்க்க இடமில்லை. மகளைக் கொடுத்த சம்பந்தி வீடும் அதே அடுக்குமாடியில்தான், இரண்டு மாடி மேலே. மகள் பக்கத்தில் இருக்கட்டுமே என்று அவரும் மனைவியும் சமீபத்தில்தான் அங்கே குடிவந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மனைவி, தலையைப் பெட்டியிலிருந்து எடுத்ததுமே சொல்லிவிட்டாள்: "ஊர்க்கண்ணை எல்லாம் சரிபார்த்துட்டு வீட்டுக்கு வந்தா இங்க கண்ணே இல்லாத ஒண்ணு உட்கார்ந்திருக்கு. தயவுசெஞ்சு வேற எங்கயாவது வெச்சு ஆடுங்க."

ஆகவே அவர் கட்டடத்தின் அடியில் இருந்த பார்க்கிங்குக்குப் போனார். மத்தியானத்தில் அங்கே ஈ, காக்கை இருக்காது. வண்டிகள் எல்லாம் வேலைக்குப் போயிருக்கும். தூணுக்குத் தூண் ஒரு குழல்விளக்கு, அதில் பாதி சிமிட்டிக்கொண்டிருக்கும். தலையை மாட்டிக்கொண்டு, மூக்குத் துளை வழியே தெரிகிற கொஞ்சூண்டு வெளிச்சத்தை நம்பி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். கையை ஆட்டி நடந்தார், ஆட்டாமல் நடந்தார், பக்கவாட்டில் நடந்தார். மூன்றாவது நாள் களைத்துப் போய், எதையும் யோசிக்காமல் சும்மா நடந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், ரப்பருக்குள் மங்கலாகக் கேட்டது.

"என்னப்பா, இன்னிக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துட்ட?"

அவர் திரும்பினார். தலைக்குள்ளிருந்து அவருக்குத் தெரிந்தது ஒரு சேலைக் கரையும் கீழே விழுந்த பையும்தான். அலறல் காதைப் பிளந்தது. தலையைக் கழற்றி அவர் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் காலடிச் சத்தம் ஓடி மறைந்துவிட்டது. யார் என்று தெரியவில்லை. தெரிந்தால் போய்ச் சமாதானம் சொல்லலாம். யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலத்துக்குள் செய்தி கண்ணும் காதும் முளைத்துப் பறந்தது. கட்டடத்துக் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவருடைய சம்பந்தியேதான். ஓய்வுபெற்ற மனிதர், கூட்டம் என்றால் கரும்பு தின்கிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மாடிக் கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுவிட்டார்.

பூதம் அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்து, எழுந்து உண்மையைச் சொல்லச் சரியான இடம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொருவரும் பேசப் பேச, அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தான் மட்டுமா கீழே நடந்தோம்?

முதலில் பேசியது இரண்டாம் மாடியில் இருக்கும் இளம் தாய். "சின்னதா இருந்துச்சு சார். குழந்தை உயரம்தான். சத்தமே இல்லாம பின்னாலயே வந்துச்சு. நான் என் பாப்பாவைத் தூக்கிட்டு ஓடிட்டேன்."

"சின்னதா?" என்று எழுந்தார் காவல்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர். "நல்லா வாட்டசாட்டமான ஆள். கையில இரும்புக் கம்பி. ரெண்டு பேரு, மூணு பேரு இருக்கலாம். ஒருத்தன் வெளிய காவலுக்கு நின்னான்."

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர், சமீப காலமாக பகலிலும் வீட்டிலேயே இருக்கிறவர், மெதுவாகச் சொன்னார்: "என்கிட்ட வந்து நின்னுச்சு. ஒண்ணும் பண்ணல. நான் அங்க இல்லாத மாதிரி, என்னைத் தாண்டிப் பார்த்துட்டுப் போயிடுச்சு."

பக்கத்தில் இருந்தவர் அவரிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

இனித் தாமதித்தால் போலீசைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று பூதம் அண்ணன் எழுந்தார். கைகூப்பினார். "எல்லாரும் மன்னிக்கணும். அது நான்தான். சினிமாவுக்காக ஒத்திகை பார்த்தேன்."

யாரும் நம்பவில்லை.

"சம்பந்தி, நீங்க உட்காருங்க," என்றார் செயலாளர், குழந்தையை அடக்குகிற குரலில். "நம்மைச் சமாதானப்படுத்தணும்னு நல்ல எண்ணத்துல சொல்றார். பெரிய மனசு."

"இல்லீங்க, சத்தியமா நான்தான்."

"நீங்க எங்க சார், அது எங்க சார்!" என்றார் காவல்துறைக்காரர், அவரை ஏற இறங்கப் பார்த்து. அதில் இளக்காரமும் இருந்தது.

வேறு வழியில்லாமல் அவர் வீட்டுக்கு ஓடிப்போய்த் தலையை எடுத்துவந்து மாட்டிக்கொண்டார். கூடம் உற்றுப் பார்த்தது. இளம் தாய் உதட்டைப் பிதுக்கினாள். காவல்துறைக்காரர் கிட்டே வந்து ரப்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது பொம்மை. நான் பார்த்தது இது இல்ல," என்று தீர்ப்புச் சொன்னார். கம்ப்யூட்டர்காரரும் தலையாட்டினார். அவரவர் பார்த்த பூதத்தை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இதுதான்."

சம்பந்தியம்மா. அதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். முகம் வெளுத்திருந்தது. "இதேதான். நான்தான் கிட்டப் போய்ப் பார்த்தேன்," என்றவர், வேறொன்றும் சொல்லாமல் எழுந்து படியேறிப் போய்விட்டார்.

சம்பந்திக்குள் சண்டை வந்தால் சாமானியத்தில் தீராது. மகள் போனில் பொரிந்து தள்ளினாள்: "அப்பா, எங்க மாமியார் ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அவங்க பயந்த சுபாவமே கிடையாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ராத்திரி ஷிஃப்ட் தனியா பார்த்தவங்க. நீங்க என்னதான்பா பண்ணீங்க?"

"திரும்பிப் பார்த்தேன்மா. அவ்வளவுதான்."

மறுநாள் பழங்கள் வாங்கிக்கொண்டு மேலே போனார். சம்பந்தி வெளியே போயிருந்தார். சம்பந்தியம்மா கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, டீ போட்டு எதிரில் வைத்தார். மரியாதையில் ஒரு குறைவும் இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் உறுத்தியது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக டீ குடித்திருப்பார்.

"சம்பந்தியம்மா, நான் செஞ்சது தப்பு. ஒரு வார்த்தை எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இறங்கியிருக்கணும்."

"நீங்க பயமுறுத்தினதுக்கு எனக்குக் கோபம் இல்ல சம்பந்தி," என்றார் அந்த அம்மா. "பொம்மைத் தலையைப் பார்த்து நான் ஓடல. அது என் பையன் மாதிரி நடந்துச்சு. தோள்ல பை இல்லாமலேயே பை தொங்கற மாதிரி ஒரு பக்கம் சாய்ஞ்சு, இடது செருப்பைத் தேய்ச்சு. சிமிட்டற வெளிச்சத்துல பின்னால இருந்து தலை சரியாத் தெரியல. என் பையன்தான்னு நினைச்சுத்தான் கூப்பிட்டேன்."

பூதம் அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் சாயங்காலம் பால்கனியில் நின்று, மாப்பிள்ளை வேலை முடிந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். களைத்த கால் எப்படியோ அந்த நடையைத் திருடி வைத்திருக்கிறது.

"மகன்னு நம்பிக் கூப்பிட்டா, வேற ஒண்ணு திரும்புது," என்றார் சம்பந்தியம்மா. டம்ளரைச் சுற்றிச் சுற்றித் திருப்பினார். "எனக்கு இது ரெண்டாவது தடவை."

பிறகு, வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னார். ஒரு மாதம் முன்னால், மகன் வேலைக்குக் கிளம்பிவிட்டான் என்று அவர் நினைத்திருந்த ஒரு காலையில் போன் வந்தது. மகனின் குரல். அழுதுகொண்டிருந்தான். அம்மா, வண்டியில ஒருத்தரை இடிச்சிட்டேன், உடனே பணம் அனுப்புங்க, அப்பாகிட்ட சொல்லாதீங்க என்றான்.

"அவன் குரல்தான் சம்பந்தி. கொஞ்சம்கூட வித்தியாசம் இல்ல. குரலை வெச்சே ஆளைச் சொல்ற வேலைல வாழ்நாள் பூரா இருந்தவ நான். தும்மினாக்கூட யாருன்னு சொல்வேன். பணம் எப்படி அனுப்பறதுன்னு கேட்டுட்டிருக்கேன். அப்போ குளியலறைக்குள்ள இருந்து, 'அம்மா, துண்டு'ங்கறான்."

பூதம் அண்ணன் எடுத்த டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே பிடித்திருந்தார்.

"காதுக்குள்ள ஒருத்தன் அழுதுட்டிருக்கான். கதவுக்குப் பின்னால ஒருத்தன் துண்டு கேக்கறான். ரெண்டும் என் பிள்ளை குரல். அப்போ நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" சம்பந்தியம்மாவின் கண் கலங்கிவிட்டது. "ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, துண்டு கேக்கறவன்தான் போலின்னு நினைச்சேன். பெத்த பிள்ளையை. கதவுக்கு வெளிய நின்னு, திறக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். பணம் போயிருந்தாக்கூட பரவாயில்ல. அந்த நொடிதான் என்னைத் தூங்க விடல."

பூதம் அண்ணனுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை; பயமுறுத்தித்தான் பழக்கம். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அப்புறம் எப்படித் தெரிஞ்சுது, எது நிஜம்னு?"

சம்பந்தியம்மா மூக்கை உறிஞ்சினார். முகத்தில் லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "போன்ல இருந்தவன் அம்மா, அம்மான்னு உருகினான். உள்ள இருந்தவன், 'எவ்வளவு நேரம்மா கத்தறது, காது கேக்கலியா'ன்னு எரிஞ்சு விழுந்தான். நிஜப் பிள்ளைதான் எரிஞ்சு விழும். போலிதான் இனிக்க இனிக்கப் பேசும். போனை வெச்சுட்டேன். கம்ப்யூட்டரை வெச்சுக் குரலைத் திருடிப் பேசற மோசடின்னு அப்புறம் பேப்பர்ல படிச்சேன்."

பூதம் அண்ணன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "சம்பந்தியம்மா, இதை எங்க இயக்குநர் பாப்பாகிட்ட ஒரு தடவை சொல்வீங்களா? உங்களுக்கு இஷ்டம் இருந்தா மட்டும்."

இஷ்டமில்லை என்றுதான் முதலில் சொன்னார். இரண்டு நாள் கழித்து, புடவை மாற்றிக்கொண்டு கைப்பையோடு அவரே கீழே வந்து நின்றார். "பட்டறையைப் பார்த்துட்டு மட்டும் வரேன்," என்றார்.

பட்டறையில் கைகளும் கால்களும் கொக்கியில் தொங்கின. ரப்பர் வாடை. சம்பந்தியம்மா எதற்கும் அசரவில்லை. ஒரு நகத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இது ஒட்டினது சரியில்ல," என்றார். இயக்குநர் நாற்காலி போட்டு, எதிரே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து கேட்டாள். கதையில் துண்டு வந்த இடத்தில் நகம் கடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இதைப் படத்துல வெச்சுக்கவா?"

"வெச்சுக்கோ. ஆனா ஒரு நிபந்தனை. கடைசியில அந்த அம்மா சரியான பிள்ளையைக் கண்டுபிடிக்கணும்."

"ஐயோ, அவங்க தப்பான பிள்ளையை நம்பிட்டா இன்னும் பயமா இருக்கும்மா! யோசிச்சுப் பாருங்க."

"நீ படம் எடுத்துட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவ. நான் வீட்டுக்குப் போகணும்," என்றார் சம்பந்தியம்மா. "என்னை மாதிரி எத்தனை பேரு வீட்டுக்குப் போகணும்."

இயக்குநர் பூதம் அண்ணனைப் பார்த்தாள். அவர் பெட்டியைத் திறந்து தலையை எடுப்பதில் மும்முரமாக இருந்தார். இந்த வழக்கில் அவர் யார் பக்கமும் சாட்சி சொல்வதாக இல்லை. "சரிம்மா," என்றாள் அவள் கடைசியில், பெருமூச்சோடு.

பிறகு அவர் நடந்து காட்டினார். மாப்பிள்ளையின் நடையை வேண்டுமென்றே நடந்தார். ஒரு பக்கச் சாய்வு, இடது கால் தேய்ப்பு, நடுவில் நின்று ஓர் அலுப்பு.

"இது என் பையனேதான்," என்றார் சம்பந்தியம்மா. "அதனால பயமா இல்ல. அன்னிக்குப் பார்த்ததுல எங்கயோ ஒரு பிசகு இருந்துச்சு. அவன் நடக்கும்போது நடுவுல நின்னு அலுத்துக்குவான். அன்னிக்கு நீங்க அலுத்துக்கல."

பூதம் அண்ணன் மறுபடி நடந்தார். அதே சாய்வு, அதே தேய்ப்பு. ஆனால் களைப்பை மட்டும் உருவி எடுத்துவிட்டார். நாள் முழுக்க உழைத்த உடம்பு, துளிகூடச் சோர்வில்லாமல் வீடு திரும்புகிறது. வாசலில் நின்று, மெதுவாக, மிக அன்பாகத் திரும்பியது.

தையல் மேசையில் இருந்த பெண் ஊசியைக் கையில் குத்திக்கொண்டாள். இயக்குநர் எழுந்து சுவரோரம் போய்விட்டாள். கைதட்ட ஒருவருக்கும் தோன்றவில்லை. தலைக்குள் இருந்தபடியே அவருக்குப் புரிந்துவிட்டது, நடை கிடைத்துவிட்டது.

படம் வந்த அன்று இரண்டு குடும்பத்தாரும் மத்தியானக் காட்சிக்குப் போனார்கள். அந்தக் காட்சி வந்தது. அம்மா ஒருத்தி கதவுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே ஒரு குரல், முதுகுக்குப் பின்னால் நடந்து வருகிற ஒன்று. அரங்கத்தில் முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. சோளப்பொரி மெல்லுகிற சத்தமும் நின்றது. முன் வரிசையில் ஒரு வயதானவர், பக்கத்தில் இருந்த மகளின் கையைப் பிடித்துத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மாமா," என்று மாப்பிள்ளை இருட்டில் குனிந்தார். "இந்தப் பூதம் நடக்கறது எங்கயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"நிறையப் பேரு அப்படித்தான் மாப்பிள்ளை நடக்கறாங்க," என்றார் அவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். மகள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

திரையில் அந்த அம்மா பின்னால் திரும்பாமல் கதவைத் திறந்தாள்; உள்ளே நிஜப் பிள்ளை. அரங்கம் மொத்தமும் மூச்சு விட்டது. சம்பந்தியம்மா மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. தெரிந்த கதைதானே என்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்து, அப்போதுதான் முதன்முறையாகச் சோளப்பொரிப் பொட்டலத்துக்குள் கையை விட்டார். அன்றிரவே மகனிடமும் கணவரிடமும் போன் வந்த கதையைச் சொல்லிவிட்டார் என்று மகள் மறுநாள் சொன்னாள். மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டானாம். "இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்தவும் கத்தினானாம்.

படம் தலைதெறிக்க ஓடவில்லை, படுக்கவும் இல்லை, நல்லபடியாக நடந்தது. ஆனால் கட்டடத்தில் பூதம் அண்ணனின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது. மின்தூக்கியிலும் மாடிப்படியிலும் மடக்கி, ஆளுக்கொரு பயத்தைச் சொல்ல ஆரம்பித்தார்கள். காவல்துறைக்காரர்கூட ஒருநாள் வந்து, தனக்குப் பெயர்கள் மறந்து போகின்றன என்று, கம்பியும் இல்லாமல் கூட்டாளியும் இல்லாமல், தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனார். அவர் எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டார். கேட்டதில் பாதிக்கு மேல் படத்துக்கு உதவாது. சொன்னவர்கள் என்னவோ இறங்கிப் போகும்போது கொஞ்சம் லேசாகத்தான் போனார்கள்.

ஒரு சாயங்காலம் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி வந்தார், சம்பந்தியம்மாவும் கூடவே. அந்த அம்மா நேரே சமையலறைக்குள் மனைவியிடம் போய்விட, செயலாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"எல்லாரையும் கேட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலியே சம்பந்தி."

"சொல்லுங்க சம்பந்தி, உங்களுக்கு என்ன பயம்?"

"சிரிக்கக் கூடாது. கூட்டத்துக்கு நாற்காலி எல்லாம் போட்டு வெச்சிருக்கேன். மைக் வேலை செய்யுது. மணியாகுது. ஒருத்தரும் வரல. மாடியில, படியில, எங்கயும் சத்தம் இல்ல. அடிக்கடி கனவுல வருது."

பூதம் அண்ணன் சிரிக்கவில்லை. காலை வெந்நீரிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த கூட்டம் எப்ப?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. தண்ணி மோட்டார் விஷயம்."

"நாங்க ரெண்டு பேரும் முன்வரிசையில இருப்போம்."

"மோட்டார் பத்தி இவர் பேசறதைக் கேட்டா பூதமே எழுந்து ஓடிடும்," என்றார் சமையலறையிலிருந்து சம்பந்தியம்மா. "நானும் வரேன். ஆனா கதவுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு வைங்க."

செயலாளர் முதலில் முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மனைவி எல்லோருக்கும் டீ கொண்டுவந்து வைத்தாள். மோட்டாரைப் புதிதாக வாங்குவதா, இருப்பதையே பழுது பார்ப்பதா என்று பேச்சு ஆரம்பித்தது. நால்வரும் ஒத்துப்போகவே இல்லை.